பரமபதப் படம் அச்சிடும் அச்சகத்தாருக்கு

அன்புள்ள அச்சக உரிமையாளர்களுக்கும், படம் வரைந்து தரும் ஓவியர்களுக்கும், கோயில் வாசல் கடைகளில் அதை விற்பவர்களுக்கும்,



மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குக் கடைக்கு வரவேண்டிய பரமபதப் படம் அதற்கு வெகு முன்பே அச்சு ஏறிவிடும் என்பதால் இந்த மடலை முன்கூட்டியே எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். கட்டங்களுக்குள் பெயர்களை அச்சிடுங்கள். ஏற்கெனவே அச்சிடுகிறவர்கள் அதை விட்டுவிடாதீர்கள். எண்ணை மட்டும் போட்டு நிறுத்திக்கொண்டவர்கள் பழைய வழக்கத்துக்குத் திரும்புங்கள்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியர். மழை நாளில் பிள்ளைகள் வெளியே போக முடியாதபோது வகுப்பிலேயே அட்டையை விரித்து ஆடுவோம். கடைகளில் இப்போது எளிதாகக் கிடைப்பது ஒன்று முதல் நூறு வரை எண் மட்டும் போட்ட பாம்பு ஏணி அட்டை. காய் பாம்பின் வாயில் போய் நின்றதும், “இது ஏன் சார் கடிச்சுது? நான் என்ன பண்ணேன்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்த அட்டையில் அதற்குப் பதில் இல்லை. பரமபதப் படத்தில் அந்தப் பதில் கட்டத்துக்குள்ளேயே எழுதியிருந்தது.

தாயத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். தாயத்தில் ஆடுகிறவருக்கு வேலை உண்டு. விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது, எதிராளியின் காயை வெட்டுவதா, தன் காயை மலையில் ஏற்றிக் காப்பாற்றிக்கொள்வதா என்று யோசிக்க வேண்டும். பரமபதத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஒரே காய், விழுந்த எண்ணுக்கு நகர வேண்டியதுதான். ஐந்து வயதுப் பேத்திக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் வெல்லும் வாய்ப்பு ஒன்றே. திறமைக்கு இடமில்லாத ஆட்டத்தை மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடினார்கள் என்றால், ஆட்டத்தின் உயிர் கட்டத்தில் எழுதியிருந்த சொல்லில் இருந்தது. காய் நகர நகரப் படிப்பதும், படித்ததைப் பற்றிப் பேசுவதும்தான் ஆட்டமே. சொல்லை எடுத்துவிட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று காத்திருப்பது மட்டும் எஞ்சும்.

இந்த ஆட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன். அட்டையின் பின்புறம் வரலாற்றுக் குறிப்பு அச்சிட நினைப்பவர்களுக்கும் உதவும். 13ஆம் நூற்றாண்டில் மகாராஷ்டிரத்து மகான் ஞானேஸ்வரர் இதை உருவாக்கினார் என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆனால் இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் பழைய படங்கள் 18ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. நடுவே ஐந்து நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. எனவே ஞானேஸ்வரர் பெயரை முடிந்த முடிவாக அச்சிடாதீர்கள். நம்பிக்கை என்று குறிப்பிட்டு அச்சிடுங்கள். பிள்ளைகள் அச்சில் பார்ப்பதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

வட இந்தியாவில் இதன் பெயர் ஞான் சௌபர். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்டு 1985இல் எழுதிய நீண்ட கட்டுரைக்குப் பிறகுதான் பல்வேறு வகைப் படங்களை அருகருகே வைத்துப் பார்க்க வழி பிறந்தது. சமணர்களின் படங்களில் பெரும்பாலும் 84 கட்டங்கள். துணியில் தீட்டப்பட்ட அவற்றில் அடியில் நரகங்கள், நடுவே மனித உலகம், அதற்கு மேலே தேவலோகங்கள், எல்லாவற்றுக்கும் உச்சியில் வினை நீங்கிய உயிர்கள் சேரும் சித்தசிலை. வைணவப் படங்களில் 72 கட்டங்கள் கொண்டது புகழ்பெற்றது. சூஃபிகளும் தங்கள் ஞானப் பாதையைச் சொல்லும் கட்டங்களோடு ஒரு படம் வைத்திருந்தார்கள். அதில் உச்சியில் இருப்பது இறைவனின் அரியணை. ஒரே ஆட்டம்தான். ஒவ்வொரு சமயத்தாரும் தாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பிய சொற்களை அதில் நிரப்பிக்கொண்டார்கள். என் வேண்டுகோளுக்கு அடிப்படையே இந்தச் செய்திதான். கீழே மறுபடி இதற்கு வருகிறேன்.

72 கட்டப் படம் எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹரிஷ் ஜோஹரி விளக்கத்தோடு நூலாக வெளியிட்ட படத்தை எடுத்துக்கொள்கிறேன். வரிசைக்கு ஒன்பது கட்டம், எட்டு வரிசை. முதல் கட்டம் பிறப்பு. அதே வரிசையில் மாயை, கோபம், பேராசை, மோகம், செருக்கு, பொறாமை, காமம் எல்லாம் காத்திருக்கின்றன. 24ஆம் கட்டம் தீயோர் சேர்க்கை. அங்கே பாம்பு கடித்தால் காய் 7ஆம் கட்டத்துச் செருக்கில் போய் விழும். கெட்ட சகவாசம் வைத்தவனுக்குத் தலைக்கனம் ஏறும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைப் பாம்பின் தலையிலும் வாலிலும் ஆளுக்கொரு சொல்லாக எழுதிவிட்டார்கள். 54ஆம் கட்டத்தில் பக்தி. அங்கிருந்து ஏணி நேரே வைகுண்டத்துக்குப் போகிறது.

எனக்கு வியப்பு தருவது அதன் மேல் வரிசை. வைகுண்டம் கடைசிக் கட்டமான 72இல் இல்லை. மேல் வரிசையின் நட்டநடுவில், 68இல் இருக்கிறது. எண் கூடுதலாக விழுந்து காய் அதைத் தாண்டிவிட்டால் பிரம்மலோகம், சத்துவம், ராஜசம் என்று நகர்ந்து 72இல் தமோகுணத்தில் முடியும். அங்கே ஒரு பாம்பு. அது காயை 51ஆம் கட்டத்தில், பூமியில் இறக்கிவிடும். பிறகு மீண்டும் ஏறி வரவேண்டும். சொர்க்கமோ 23ஆம் கட்டத்திலேயே வந்துவிடுகிறது, பாதி வழிகூட ஆகாத இடத்தில். புண்ணியம் தீர்ந்தால் சொர்க்கத்திலிருந்தும் இறங்க வேண்டும், வீடுபேறு அதற்கு அப்பால் என்ற தத்துவத்தைக் காய் வைத்து நகர்த்தும் சிறுபிள்ளைக்குப் புரியும்படி அமைத்திருக்கிறார்கள். எத்தனையோ பேருரைகளில் கேட்டும் எனக்குப் பிடிபடாத கருத்து, படத்தில் ஒரு விரலால் தொட்டுப் பார்த்ததும் விளங்கியது.

நம் பக்கத்துப் படம் பரமபத சோபானம். ஆந்திரத்தில் வைகுண்டபாளி என்கிறார்கள். வேதாந்த தேசிகர் இதே பெயரில் மணிப்பிரவாளத்தில் ஒரு நூல் இயற்றியிருக்கிறார். விவேகம், நிர்வேதம், விரக்தி என்று தொடங்கி இறைவனை அடைவது வரை ஒன்பது படிகளை அது சொல்கிறது. அவர் காட்டும் படிக்கட்டில் பாம்பு கிடையாது, ஏறுவது மட்டுமே. படத்தில் பாம்பு உண்டு, அதுவும் ஏணிகளை மிஞ்சும் எண்ணிக்கையில். பல படங்களில் பாம்புகளுக்குப் புராணத்து அசுரர்களின் பெயர்கள். உச்சி நெருங்கிவிட்டது என்று மனம் குதிக்கும் இடத்தில் ஒரு பெரிய பாம்பு வாய் பிளந்து நிற்கும். அதன் வால் அடிவரிசையில் கிடக்கும். ஏகாதசி இரவில் கண்விழிக்க வேண்டிய வீட்டில் அந்தப் பாம்பு இருக்கும்வரை பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது.

பாம்புகள் அதிகம் என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கிலாந்தில் மாறியவற்றில் அதுவும் ஒன்று. புணேயில் கலெக்டராக இருந்த ஹென்றி டண்டாஸ் ராபர்ட்சன் 1831இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டிக்கு ஒரு படத்தைக் கொடுத்தார். அது இன்றும் அங்கே இருக்கிறது. இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் சொல்லும் தட ஆட்டங்கள் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தன. 1800இல் அங்கே வெளியான ‘மேன்ஷன் ஆஃப் ஹாப்பினஸ்’ என்ற ஆட்டத்தில் நற்குணக் கட்டம் முன்னே தள்ளும், தீயகுணக் கட்டம் பின்னே இழுக்கும். பகடை சூதாடிகளின் கருவி என்று அந்தக் காலத்துப் பெற்றோர் ஒதுக்கியதால், பக்கங்களில் எண் எழுதிய சிறு பம்பரத்தைச் சுழற்றி ஆடினார்கள். ஆகவே நம் படம் போய்ச் சேர்ந்த வீட்டில் அதற்குப் பாய் விரித்தே வைத்திருந்தது. 1892இல் எஃப். எச். அயர்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர் பாம்பு ஏணி ஆட்டத்துக்கு அங்கே காப்புரிமை பெற்றார்.

விக்டோரியா காலத்து அட்டைகளில் சொற்கள் இருந்தன, வேறு சொற்களாக. சிக்கனம் நிறைவுக்கு ஏற்றியது. உழைப்பு வெற்றிக்கு ஏற்றியது. சோம்பல் வறுமைக்கும், கீழ்ப்படியாமை அவமானத்துக்கும் இறக்கின. முக்தி போய், முன்னேற்றம் வந்தது. பாம்பும் ஏணியும் சம எண்ணிக்கை ஆயின. பிறகு சொற்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்து, எண்ணும் பாம்பும் ஏணியுமாக எஞ்சிய அட்டை உலகம் முழுக்கப் போயிற்று. அதுதான் நம் ஊர்க் கடைக்கும் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் 1943இல் பாம்பை எடுத்துவிட்டுப் பூங்காச் சறுக்குமரத்தை வைத்தது. அந்த அட்டையிலும் ஒரு நன்மை உண்டு. விதை நடும் பிள்ளை நிற்கும் கட்டத்திலிருந்து ஏணி புறப்பட்டு, பூத்த செடிக்குப் போகும். பிஸ்கட் ஜாடியை எட்டிப் பிடிக்கப் போன பிள்ளை சறுக்கிக் கீழே வருவான். எழுத்து தெரியாத மழலைக்கும் காரணமும் விளைவும் படமாகத் தெரிகின்றன. பாம்பைக் கண்டு பயந்த வணிகர்கூடக் காரணத்தை விட்டுவிடவில்லை. அந்தக் காரணத்தை முதலில் எழுதி வைத்த நாம்தான் இன்று வெறும் எண்ணோடு நிற்கிறோம். இது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணுக்கும் பயன் உண்டு, அதற்குச் சான்றும் உண்டு. கீத்தா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்து மழலையர் பள்ளிப் பிள்ளைகளை, ஒன்று முதல் பத்து வரை நேர்வரிசையில் எண் எழுதிய சிறு தட ஆட்டத்தை ஆடவைத்தார்கள். இரண்டு வாரத்தில் நான்கு முறை, முறைக்குப் பதினைந்து நிமிடம். அவ்வளவுக்கே எண்ணறிவு கூடியது. எண்ணில்லாமல் நிறம் மட்டும் போட்ட அதே ஆட்டத்தை ஆடியவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. பின்னர் நூறு வரை எண் கொண்ட பலகையில் நடந்த இன்னோர் ஆய்வில், காயை நகர்த்தும்போது எப்படி எண்ணுகிறார்கள் என்பதே முக்கியம் என்று தெரிந்தது. 37இல் நிற்கும் காய்க்கு மூன்று விழுந்தால் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணாமல் “முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது” என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தியவர்களே அதிகம் கற்றார்கள். இந்த ஒரு வரியைப் படத்தின் ஓரத்தில் விதியாக அச்சிட்டுவிடுங்கள். ஆசிரியர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான கணிதக் கருவி அது.

எண் எண்ணக் கற்றுத்தரும். சொல் படிக்கவும் கேள்வி கேட்கவும் கற்றுத்தரும். ஒரு கட்டத்தில் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

பகடையையும் கவனியுங்கள். அட்டையோடு சிறு பிளாஸ்டிக் கனசதுரப் பகடை வைத்துத் தருகிறீர்கள். பல வீடுகளில் பரமபதத்தைத் தாயக்கட்டை உருட்டித்தான் ஆடினோம். நீண்ட கட்டை இரண்டு. ஒவ்வொன்றின் நாலு பக்கத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும். இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு. ஒரு கட்டையில் ஒன்று, மற்றதில் வெற்று என்றால் தாயம். அது விழுந்தால்தான் காய் படத்துக்குள் இறங்கும். விழக்கூடிய பதினாறு வகையில் தாயத்துக்கு இரண்டு, மூன்றுக்கு நான்கு, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. அதாவது பிறப்பெடுக்கவே காத்திருக்க வேண்டும். பிறந்தபின் நடை பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு என்று சின்ன அடியாக இருக்கும். பன்னிரண்டு விழுந்தால் வீடே கூச்சல் போடும். கனசதுரத்தில் ஒன்று முதல் ஆறு வரை எல்லாம் சம வாய்ப்பு. ஆட்டத்தின் நடையே மாறிவிடுகிறது. கீழடி அகழாய்வில் தந்தத்தால் செய்த பகடை கிடைத்திருக்கிறது. வைகைக் கரையில் பகடை உருட்டுவது அத்தனை பழைய பழக்கம். கட்டை வைத்துக் கொடுத்தால் விலை கூடும் என்பது தெரியும். குறைந்தது, தாயக்கட்டையால் ஆடும் விதியையாவது அச்சிடலாம்.

பகடை என்றால் சூது என்று நெற்றி சுருக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. திருக்குறளில் சூதுக்கு ஒரு தனி அதிகாரமே இருக்கிறது, 94ஆவது. பணயம் வைத்து ஆடுவதை வள்ளுவர் கண்டித்தார். பரமபதத்தில் பணயம் இல்லை. ஆகவே அவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அதோடு, சூது என்ற அந்தச் சொல்லையே இந்தப் படத்தில் ஒரு பாம்பின் தலையில் எழுதலாமே!

இப்போது மேலே விட்ட இடத்துக்கு வருகிறேன். சமணர், வைணவர், சூஃபிகள் எல்லாரும் தங்கள் சொற்களை நிரப்பிக்கொண்டார்கள் என்றேன். வைகுண்ட ஏகாதசிக்கு வாங்கும் குடும்பங்களுக்கு மரபுப் படத்தை அதன் பெயர்களோடு அச்சிடுங்கள். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும் பள்ளிக்கு வேறொரு படம் வேண்டும். அதற்குச் சொல் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். 133 குறள் அதிகாரத் தலைப்புகள் இருக்கின்றன. இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல், நடுவு நிலைமை, பொறையுடைமை, ஊக்கமுடைமை எல்லாம் ஏணிகள். அழுக்காறு, வெகுளி, புறங்கூறல், மடி, கள் எல்லாம் பாம்புகள். வெகுளியின் வாலில் நட்பு முறிதல் என்று எழுதலாம். மடியின் வாலில் குடும்பம் தாழ்தல். கல்வியில் ஏறியவன் அவையறிதலில் போய் நிற்கட்டும். இப்படிக் கோத்துப் பார்க்கும் வேலையைத் தமிழாசிரியர் எவரிடம் கேட்டாலும் மகிழ்ந்து செய்து கொடுப்பார்.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். பழைய அச்சு எதிலாவது பிறப்பையோ உடற்குறையையோ தண்டனையாகக் காட்டும் கட்டம் இருந்தால், பிள்ளைகள் ஆடும் படத்தில் அது வரக்கூடாது. ஆய்வுக்கு அந்தப் பழைய படம் இருக்கட்டும். வகுப்பில் ஒரு பிள்ளை தன் நிலையைப் பாம்பின் வாலில் எழுதிப் பார்க்கும்படி ஆகக்கூடாது.

பாம்புகளைக் குறைக்கவும் வேண்டாம். பிள்ளைகள் மனம் வாடும் என்று ஏணியும் பாம்பும் சமமாக்குகிறீர்கள். பாம்பு கடித்த பிள்ளை ஒரு நிமிடம் முகம் சுருங்குவாள், அடுத்த உருட்டலுக்குக் கட்டையைக் கையில் எடுத்துவிடுவாள். நான் வகுப்பில் பார்த்த வரை, கடைசிவரை பாம்பே தீண்டாமல் ஏறிப்போன ஆட்டத்தைப் பற்றி யாரும் மறுநாள் பேசுவதில்லை. உச்சியிலிருந்து அடிவரிசைக்கு விழுந்து, மறுபடி ஏறி வென்ற கதையைத்தான் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள்.

அச்சில் இன்னும் சில சிறு திருத்தங்கள். எழுத்தைப் பெரிதாக, ஆறு வயதுப் பிள்ளை தனியே படிக்கும் அளவில் போடுங்கள். கட்டத்துக்கு ஒரு சொல் போதும். பாம்பின் உடம்பு எழுத்தின் மேல் படாமல் ஓவியர் வளைத்துக் கொடுக்கட்டும். எழுத்துப்பிழை வேண்டாம், பாடப்புத்தகத்துக்கு வெளியே பல பிள்ளைகள் உரக்கப் படிக்கும் முதல் அச்சு இதுவாக இருக்கக்கூடும். வரிசை முடிந்ததும் காய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு சின்ன அம்புக்குறி போடுங்கள்; சின்னப் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

கடைசியாக ஒன்று. உங்கள் அச்சகத்தில் பரண் மேலோ கிடங்கிலோ அப்பா, தாத்தா காலத்துப் படங்களும், பிளாக்குகளும், கல்லச்சுத் தாள்களும் கிடக்கலாம். ஏகாதசி முடிந்ததும் கிழிந்து போகும் தாள் என்று யாரும் அவற்றைச் சேர்த்து வைக்கவில்லை. லண்டனில் ஒரு படம் 1831இலிருந்து பத்திரமாக இருக்கிறது; நம் ஊரில் தாத்தா அச்சிட்டது பேரன் கையில் இல்லை. எடைக்குப் போடுவதற்கு முன்பு சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். தமிழில் அச்சான பழையவற்றைப் பாதுகாப்பதே அவர்கள் பணி. இனி அச்சிடும் படத்தின் மூலையில் அச்சகத்தின் பெயர், ஊர், ஆண்டு, வரைந்த ஓவியரின் பெயர் நான்கையும் தவறாமல் போடுங்கள்.

இந்த மார்கழிக்கு உங்களில் ஒருவராவது சொற்கள் நிறைந்த படம் ஒன்றைப் பள்ளிகளுக்காக அச்சிட முன்வாருங்கள். சொற்பட்டியல் தயாரிக்கவும் மெய்ப்புப் பார்க்கவும் என்னைப் போன்ற ஆசிரியர்கள் கூலி கேட்காமல் வந்து நிற்போம். முதல் படத்தை எங்கள் பள்ளிக்குக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர்